இடைவேளைக்கு முன்பே சாகிறவர்

ஒரு மடக்கு வெந்நீரைத் தொண்டையில் நிறுத்திக்கொண்டு, துவைத்த துணிகளை உதறிக் காயப்போட்டபடியே அவர் மூழ்கிக்கொண்டிருக்கிறார். ‘காப்பாத்துங்க’ என்பதில் முதல் எழுத்து மட்டும் வெளியே வருகிறது, மிச்சம் குமிழியாகிவிடுகிறது. நீரைத் துப்பிவிட்டு, “தண்ணிக்குள்ள முழு வார்த்தை வந்தா அது பொய்,” என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுக்கிறார்.

அவர் என் எதிர்வீட்டுக்காரர், டப்பிங் கலைஞர். வேற்றுமொழிப் படங்களில் கப்பல் கவிழ்ந்தாலும், விமானம் பனிமலையில் விழுந்தாலும், சுரங்கம் இடிந்தாலும் தமிழில் அலறுவது அவர்தான். ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘அலறல் அக்கா’ என்றால்தான் தெரியும். கயிறு கட்டுவது, பாறையைப் புரட்டுவது எல்லாம் ஆண்குரல்களின் வேலை. “நமக்கு ‘ஐயோ, பாத்து!’ மட்டும்தான். இடைவேளை தாண்டி நான் உசுரோட இருந்ததே இல்ல.”

பட்டினிக் காட்சிக்கு மட்டும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போவார். “பசிச்சா வயிறு கத்தும். மைக் அதையும் புடிச்சுடும்.” வீட்டில் அவர் ஒத்திகை தொடங்கினால் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “இன்னைக்குத் தீயா, தண்ணியா?” என்பார்.

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். முதலில் சண்டை பிடித்தார்: “இது குடும்பம் இருக்கிற இடமா, கப்பல் கவுர்ற இடமா?” பிறகு தோற்றுப்போய், புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு அவரே ஆறுதல் சொல்லத் தொடங்கினார்: “அலறல் கேட்டா பயப்படாதீங்க. அந்தம்மாவுக்கு அதுதான் பொழப்பு.”

போன மாதம் ஒரு பிற்பகலில் அக்காவும் தலைமையாசிரியரும் லிஃப்டில் ஏறினார்கள். பாதியில் மின்சாரம் போய், இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. மணியை அழுத்தினால் சத்தமில்லை. கைப்பேசியில் சிக்னல் இல்லை. சற்று நேரத்தில் தலைமையாசிரியருக்கு வியர்த்துக் கொட்டியது.

“கொஞ்சம் கத்தும்மா,” என்றார் அவரே.

கத்தினார். தொழிலில் கற்ற எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினார். மேலே ஒரு வீட்டில், “இன்னைக்குப் பிரமாதம்!” என்று யாரோ சொன்னது லிஃப்டுக்குள் தெளிவாகக் கேட்டது. தலைமையாசிரியரும் சேர்ந்து கத்திப் பார்த்தார். “ஜோடி சேத்தாச்சு போல,” என்று அதே வீட்டில் சிரித்தார்கள்.

தலைமையாசிரியர் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். இடது தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். இந்தம்மா பக்கத்தில் மண்டியிட்டு அவர் கன்னத்தைத் தட்டினார். “சார், என்னைப் பாருங்க. கண்ணை மூடாதீங்க.”

“இது… வசனமா?”

“வசனம்தான் சார். இதுக்கு அடுத்தது எனக்குத் தெரியாது. எப்பவும் இங்கதான் ஆள் போயிடும். நீங்க ஏதாவது பேசுங்க.”

அவர் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. கத்தி இனிப் பயனில்லை என்பது இந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்தார். ஒரு வாரமாக எங்கள் குழாய்களில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. கதவிடுக்கில் வாயை வைத்து, அலறாமல், வழக்கமாகத் தெருவில் பேசுகிற குரலில் கூவினார்:

“தண்ணி லாரி வந்துருச்சு!”

எல்லாக் கதவுகளும் திறந்தன. குடமும் வாளியுமாகக் குடியிருப்பே படியிறங்கி ஓடிவந்தது. என் கையிலும் ஒரு வாளி. லிஃப்ட் கதவு தட்டப்படுவது அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தது. இரும்புக் கம்பியால் நெம்பித் திறந்தோம். முன்னால் நின்ற பெண்மணி உள்ளே எட்டிப் பார்த்து, “லாரி எங்க?” என்றார்.

வாளிகளைப் போட்டுவிட்டுத் தலைமையாசிரியரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாரடைப்புதான்; நல்ல வேளையாகக் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். இப்போது சாரே வாசல்வரை நடக்கிறார். நெஞ்சுவலியில் லாரிக்காகத் தானும் எழப் பார்த்ததாகச் சொல்லிச் சிரிக்கிறார்.

நேற்று அக்காவோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். கடலடியில் மாட்டிக்கொண்ட நீர்மூழ்கிக் கப்பல் கதை. “அக்கா, நிஜமாவே மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. இன்னைக்குப் பின்னிடுவீங்க!” என்றார் இயக்குநர். இவர் தலையை மட்டும் ஆட்டினார். பஞ்சு வைத்துத் தைத்த கனமான கதவைத் திறந்து உள்ளே போனார். கதவைச் சாத்தினார். உள்ளிருந்து கைப்பிடியைத் திருகித் திறந்து பார்த்தார். மறுபடி சாத்தி, மறுபடியும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, மைக்கின் முன்னால் போய் நின்றார்.