வலக்கண்ணில் ஒரு மலை, இடக்கண்ணில் ஒரு மலை

காலை 5.40 மணிக்கு உக்கடத்தில் பொள்ளாச்சிப் பேருந்து ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வசந்தாமணி அக்கா கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது மலைக்குத்தானே அக்கா? பொள்ளாச்சி வரைக்கும் சமதரைதான்" என்றேன்.

"வவுத்துக்கு இப்பவே தெரிஞ்சுபோச்சுங்க தம்பி, எங்க போறோம்னு."

சிங்காநல்லூரில் என் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிறார். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து நான்கு. ஆனைமலைத் தொடரை வரைவதில் அவருக்குக் கோவையில் ஒரு பெயர் உண்டு. டாக்டர்களின் காத்திருப்பு அறைகளிலும் புது வீட்டு ஹால்களிலும் அவருடைய மலைகள் தொங்குகின்றன. பார்த்தவர்கள் முதலில் சொல்வது அந்த நீலத்தைப் பற்றித்தான். மடிப்பு மடிப்பாகப் பின்வாங்கிப் போகும் அழுத்தமான நீலம். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

சென்ற மாதம் அவருக்கு வலது கண்ணில் புரை நீக்கினார்கள். மூடியை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், சுவரில் இருந்த தன் படங்களைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். "சொட்டு நீலத்தைக் கரைச்சு ஊத்துன மாதிரி இருந்துச்சுங்க. நான்தான் வரைஞ்சனான்னு கையெழுத்தைப் பாத்தேன்." வலக்கண்ணை மூடி, இன்னும் புரை இருக்கும் இடக்கண்ணால் பார்த்தார். படங்கள் பழையபடி ஆகிவிட்டன. டீத்தண்ணீர் வழியாகப் பார்ப்பது போன்ற மங்கலில், அந்த நீலம் அளவாகத் தெரிந்தது.

அவருடைய கேள்வி எளிமையானது. இத்தனை ஆண்டுகளாக வரைந்தது மலையா, கண்ணில் இருந்த கறையா? இடது கண்ணுக்கு அடுத்த வாரம் அறுவை. அதன்பின் இரண்டையும் ஒப்பிட வழியில்லை. அதற்குள் மலையை நேரில் பார்த்தாக வேண்டும். நான் பல ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவன், கேமரா உண்டு. சாட்சிக்கு ஓர் ஆள் என்று என்னையும் கூப்பிட்டார்.

பொள்ளாச்சியில் இட்லி சாப்பிட்டோம். அக்கா சாப்பிடவில்லை. அங்கே வாடகைக் கார் காத்திருந்தது. டீசல் சேர்த்து இரண்டு நாளுக்கு 6,000 ரூபாய். ஓட்டுநர் கனகராஜுக்கு முப்பது வயதிருக்கும். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தவுடன் விஷயம் புரிந்துகொண்டார்.

"முன்னாடி உக்காருங்கம்மா. நாப்பது வளைவுங்க. நம்பர் பலகை இருக்கும், எண்ணிட்டே வந்தா வாந்தி வராதுங்க."

"எண்ணுனா எத்தனாவதுல வந்துச்சுன்னு தெரியும் கண்ணு, அவ்வளவுதான்."

கார் புறப்படுமுன் அக்காவின் கைபேசி அடித்தது. பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருப்பவர். புது வீட்டு ஹாலுக்கு ஆறடி அகலத்தில் ஒரு மலை கேட்டிருக்கிறார். அக்கா ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஏனுங்க டீச்சர், ஆரம்பிச்சாச்சுங்களா?"

"இனிமேல்தானுங்க. மலையைப் பாக்கத்தான் போயிட்டிருக்கறேன்."

"பாருங்க, பாருங்க. ஆனா அந்த டாக்டரம்மா ஆஸ்பத்திரியில மாட்டியிருக்குதே, அதே நீலம் வேணுமுங்க. சோபாவே அந்த நீலத்துக்குத்தான் எடுத்துப்போட்டோம்."

அக்கா போனை வைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார். கனகராஜ்தான் சிரித்தார். "சோபாவுக்கு ஏத்த மலைங்களா!"

ஆழியாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதன்பின் பாதை ஏறத் தொடங்கியது. ஒன்பதாவது வளைவில் ஒரு காட்சி முனை இருக்கிறது. கீழே அணை நீர், அதற்கப்பால் தென்னை, அதற்கப்பால் வானமும் தரையும் கலந்துபோன வெளிறிய சமவெளி. அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி ஒரு கண்ணை மூடினார், பிறகு மற்றதை. "ஒண்ணுல சாம்பல், ஒண்ணுல சந்தனம்" என்றார்.

பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் கைபேசித் திரையை எட்டிப் பார்த்தேன். எதிரே வெளிறிக் கிடந்த நீர், திரையில் மயில் கழுத்து நிறத்தில் இருந்தது. யாருக்கும் அதில் புகார் இல்லை.

"உங்க கேமராவுல என்ன சொல்லுதுங்க தம்பி?"

மூன்று படங்கள் எடுத்துக் காட்டினேன். வெயில் என்று சொல்லி ஒன்று, நிழல் என்று சொல்லி ஒன்று, கேமராவின் விருப்பத்துக்கே விட்டு ஒன்று. மூன்றிலும் நீலம் வேறு வேறு. எது வெள்ளை என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன்.

"அப்ப இதுவும் சாட்சிக்கு வராது" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பதினேழாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கனகராஜ் தண்ணீர் கொடுத்தார். "எண்ணுனீங்களாம்மா?" "பதினேழு." "போன தடவை?" "இருவத்தி மூணு. வயசாயிருச்சு கண்ணு."

அந்தப் போன தடவை பதினோரு ஆண்டுகளுக்கு முன். அக்காவின் அண்ணன் மேலே வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். கோடை விடுமுறை தோறும் அக்கா அவருடைய குடியிருப்பில் தங்கி வரைவார். அண்ணன் ஓய்வு பெற்றுக் கீழே வந்ததும் மேலே போகக் காரணமும் வீடும் இல்லாமல் போயின. அதன்பிறகு எல்லா மலைகளும் சிங்காநல்லூர் மாடியறையில் குழல்விளக்கின் கீழ் வரையப்பட்டவை. இதை அவர் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வால்பாறைக்குப் பதினொன்றரைக்குச் சேர்ந்தோம். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு விடுதி. அறை ஒன்றுக்கு 1,200 ரூபாய், வெந்நீர் காலை ஒன்பது மணி வரை. பிற்பகல் நல்லமுடி காட்சி முனைக்குப் போனோம். ஊரிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். தேயிலைக்கு நடுவே கொஞ்சம் நடை. நேர் எதிரே கேரள எல்லைக்குள் ஆனைமுடி தெரிய வேண்டும். வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. பள்ளத்தாக்கு முழுதும் மூடுபனி. ஒன்றரை மணி நேரம் நின்றோம்.

"ரெண்டு கண்ணுலயும் ஒண்ணாத்தான் தெரியுதுங்க" என்றார் அக்கா. சிரிக்கவில்லை.

கீழே ஒரு கடையில் டீ குடித்தோம். பனி நாளைக்கும் இப்படியே இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். கொப்பரைக் களத்துக்காரரிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவதாக அக்கா சொன்னார். "என்ன நிறம்னு தெரியாம எப்படிங்க தம்பி தூரிகையைத் தொடறது? நீலத்தைப் போட்டா பொய்யி. போடாட்டி அது நான் வரைஞ்சதே இல்லைம்பாங்க. கண்ணு கெட்டிருந்துச்சுன்னா பரவால்லைங்க, வைத்தியம் இருக்குது. கை கெட்டிருந்தா?"

மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே இடம். இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. நடைபாதையின் கடைசித் திருப்பத்தில் அக்கா நின்றுவிட்டார். மலை முழுதாக இருந்தது.

எழுதுவதென்றால் இப்படித்தான் எழுத வேண்டும்: அருகே தேயிலை, மஞ்சள் கலந்த பச்சை. அடுத்த மடிப்பில் சோலைக்காடு, கறுப்பை ஒட்டிய பச்சை. அதற்கடுத்தது பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. பழைய ஈயப் பாத்திரத்தின் நிறம். கடைசியில் ஆனைமுடியின் பாறை, கழுவின சிலேட். நீலம் இருந்தது. மடிப்புகளின் நிழலில், தேடினால் கிடைக்கிற அளவுக்கு.

அக்கா பைக்குள்ளிருந்து தபால் அட்டை அளவில் இரண்டு வரைபலகைகளையும், மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் கண்மூடியையும் எடுத்தார். ஒன்றின் பின்னால் 'வலது', மற்றதில் 'இடது' என்று எழுதினார். வெளிச்சம் மாறிவிடும் என்பதால் ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடுவதில்லை. வலக்கண்ணை மூடி இடது பலகையில் வானம். மூடியை மாற்றி வலது பலகையில் வானம். பிறகு தூரத்து மடிப்பு, மறுபடி மூடி மாற்றல். மூடி மாறும்போதெல்லாம் வண்ணத்தைப் புதிதாகக் குழைத்தார். அங்கே வந்த ஒரு குடும்பம் இதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு நகர்ந்தது.

ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழித்து இரண்டையும் பின்பக்கம் தெரியாமல் கல் மேல் சாய்த்து வைத்தார். கனகராஜைக் கூப்பிட்டார்.

"கண்ணு, இதுல எது அதிக நீலம்?"

கனகராஜ் குனிந்து பார்த்தார். மலையைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். "ரெண்டும் ஒண்ணுதானுங்கம்மா. இதுல மட்டும் ஓரமெல்லாம் கொஞ்சம் கலங்கியிருக்குது."

திருப்பிப் பார்த்தேன். கலங்கியது இடது. ஆனால் நிறம்? என் கண்ணுக்கும் வித்தியாசம் மிகக் கொஞ்சம்தான்.

அக்கா வெகுநேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மலையையும் டீத்தண்ணியிலதான் பாத்தேன், பெயிண்டையும் அதே டீத்தண்ணியிலதான் பாத்தேன். ரெண்டும் பக்கத்துல இருந்தா கணக்கு நேராயிருதுங்க. கண்ணு மேல தப்பில்லைங்க தம்பி."

"பின்னே?"

"மாடியில மலை இல்லையே."

அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒப்பிட மலை இல்லாத அறையில், மங்கிய கண்ணோடு, நினைவில் இருந்த மலைக்குச் சரியாக வரும்வரை அவர் நீலத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் புரை கொஞ்சம் கூடியிருக்கும். நீலமும் கொஞ்சம் கூடியிருக்கும். நாங்கள் அதை அவருடைய தனி நடை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அங்கேயே களத்துக்காரரைக் கூப்பிட்டார்.

"படம் வரைஞ்சு தாரனுங்க. ஆனா இங்க வந்து, மலையைப் பாத்துத்தான் வரைவேன். அந்த நீலம் இருக்காது."

"ஏனுங்க டீச்சர், மலை எனக்குத் தெரியாதுங்களா? தினமும் களத்துல இருந்து பாக்கறனுங்க. உங்க நீலம்தானுங்களே வேணும்னேன்."

"அது வராதுங்க இனிமேல்."

"அப்ப சோபாவை என்ன பண்றதுங்க?"

"உக்காருங்க."

வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். இறங்கும்போது அக்காவுக்கு வாந்தி வரவில்லை. கனகராஜ் வளைவு எண்களை நாற்பதிலிருந்து தலைகீழாகச் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டு வந்தார். ஒன்பதாவதில் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"உங்க ஊட்டுல இருக்கற படத்தைத் திருத்திப்போடறனுங்க தம்பி. கண்ணு சரியானதும் வாரேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவர் படம். சரி என்றேன்.

மலையில் எடுத்த படங்களை வீட்டில் அந்த ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மடிப்புகள், அதே சரிவு. நிறத்தில் ஒன்றுக்கொன்று உறவே இல்லை. வெயில் காலத்து சிங்காநல்லூரில் நான் தினமும் பார்த்துக் குளிர்ந்துகொண்டிருந்தது உலகில் எங்கும் இல்லாத ஒரு மலையை.

இடது கண் அறுவை முடிந்து மூன்றாவது வாரம் அக்கா வந்தார். கையில் வண்ணப்பெட்டி. களத்துக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டாராம், சோபா மாடிக்குப் போகிறதாம். அடுத்த மாதத்துக்குக் கனகராஜிடம் சொல்லியாயிற்றாம். இதையெல்லாம் காபி குடித்துக்கொண்டே சொல்லிவிட்டு, எழுந்து படத்தின் முன்னால் போய் நின்றார். பெட்டியைத் திறந்து சாம்பல் நிறக் குழாய் ஒன்றைக் கையில் எடுத்தார்.

வெகுநேரம் நின்றார். குழாயைத் திறக்கவில்லை. மறுபடி பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"இத்தனை நீலத்தை அள்ளிப் பூசியும், மலை இல்லாத அந்த மாடியில அன்னைக்கு எனக்குப் பத்தலைங்க தம்பி" என்றார்.