கால்தான் முதலில் நின்றது

முப்பது வருடமாகப் பட்டுத்தறி மிதிப்பவள் நான். எப்போதோ வண்டியிலிருந்து விழுந்து உடைந்த கணுக்கால் மறுபடி வலிக்கவே, ஆரணியில் பிசியோதெரபிக்குப் போனேன். டிரெட்மில்லில் நடக்கச் சொன்னார்கள்.

மூன்றாவது வாரம் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்காமலே நடந்தேன். பெருமையாக இருந்தது. அப்போது என் சுடிதார் கையில் ஒரு நூல் அறுந்து தொங்குவது கண்ணில் பட்டது. தறியில் இழை அறுந்தால் எங்களுக்குக் கால்தான் முதலில் நிற்கும். இங்கேயும் நின்றுவிட்டது. பெல்ட் நிற்கவில்லை, என்னைப் பின்னால் இழுத்துப் போனது. கம்பி கைக்கு எட்டியதால் பிழைத்தேன்.

"இன்னாக்கா ஆச்சு? நல்லாதானே நடந்துகினு இருந்தீங்க?" என்று பயிற்சியாளர் பெண் ஓடிவந்தார்.

"நூலு அறுந்துடுச்சிம்மா."

இப்போதும் கையை விட்டுத்தான் நடக்கிறேன். ஆனால், இழுபட்டால் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றைத் துணியில் மாட்டாமல் ஏறுவதில்லை. என் கால் நின்றால் அதுவும் நிற்கட்டும்.