தள்ளுவண்டி விற்பனைக்கு

சென்னையை ஒட்டிய ஊரப்பாக்கத்துக்குக் குடிவந்த முதல் வாரம், ஆறு மாதக் குழந்தை கவினைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் காய்கறி வாங்கக் கிளம்பினேன். தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டேன், இஸ்திரி போடும் அம்மா பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வந்து வண்டிக்குள் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, கொயந்தைக்கு ஒடம்பு சரியில்லியா?" நன்றாகத்தான் இருக்கிறான் என்றேன். "அப்பறம் ஏன் வண்டில போட்டுத் தள்ளிகினு போற? தூக்கி இடுப்புல வெச்சுக்கோ. பெத்தவ சூடு வேணாமா அதுக்கு?" எனக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. அவர் அன்பாகத்தான் சொன்னார் என்பது புரியவே சில மாதங்கள் ஆயின.

மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அங்கே பிள்ளை பிறந்தால் முதலில் வாங்குவதே தள்ளுவண்டிதான். பேரங்காடியின் வழவழப்பான தரையில், மின்தூக்கியில், பாசார் மாலாம் இரவுச் சந்தைக் கூட்டத்தில் எங்கே பார்த்தாலும் வண்டிகள். கருநீல நிறத்தில் இருந்த எங்கள் வண்டியை என்னோடு வேலை பார்த்த பெண்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்தார்கள். என் கணவர் செந்தில் அப்போது அங்கே ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். இங்கே இருக்கும் அவருடைய அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும், "ரெண்டு வருஷம் இருந்து பாப்போம்" என்று கிளம்பி வந்தோம். பெட்டிகளை எடை போட்டு எதை விடுவது என்று யோசித்தபோது என் பட்டுப்புடவைகளை விட்டேன், வண்டியை விடவில்லை.

இங்கே அதற்கு வழி கிடைக்கவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தில் நடைபாதை இருக்கும் இடத்தில் பைக் நிற்கும். பைக் இல்லாத இடத்தில் மணல் குவிந்திருக்கும். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை மூடிகள் சாலையைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தன. கொஞ்ச நாளில் நானும் கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கப் பழகினேன். வண்டி பால்கனிக்குப் போனது. முதலில் அதில் துவைத்த துணி காய்ந்தது, பிறகு வெங்காயம் ஏறியது.

ஒரே மொழி பேசுகிற ஊருக்குத்தானே போகிறோம் என்று நம்பி வந்தவள் நான். பக்கத்து வீட்டு அக்காவிடம் காலையில், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் அடிபட்டவர்போல், "எங்களுக்கு என்னம்மா பசி? நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்றார். சாப்பிட்டாயா என்று விசாரிப்பதை, பட்டினி கிடக்கிறாயா என்று கேட்டதாக எடுத்துக்கொண்டார். அதன் பிறகு நான் பேசுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, சொல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டே வாயைத் திறந்தேன். வேற்றுமொழிக்காரர்களிடம்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

இந்த வருஷம் கவினை வண்டலூர் பக்கம் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். அந்த வாரக் கடைசியில் செந்தில் பால்கனியைக் கூட்டும்போது, "இது இன்னும் எதுக்கு? வித்துடலாமே" என்றார்.

"போகும்போது எடுத்துட்டுப் போகலாம்னு வச்சிருக்கேன்."

"எங்க போகும்போது?"

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லை. திரும்பிப் போவது என்ற பேச்சு எப்போது எங்கள் வீட்டை விட்டுப் போனது என்று எனக்கும் தெரியவில்லை. பிள்ளை பள்ளிக்குப் போகும் வயதில் வந்துவிடுவோம் என்று கிள்ளானில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். வெங்காயத்தைக் கூடைக்கு மாற்றிவிட்டு, வண்டியைக் கழுவித் துடைத்துப் படம் எடுத்தேன்.

"நல்ல நிலையில் உள்ள தள்ளுவண்டி விற்பனைக்கு" என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். யாரோ படத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் வேறு குழுக்களுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் தாம்பரத்திலிருந்து சலீம் என்று ஒருவர் அழைத்தார்.

"வண்டி எப்டி மேடம், நாலு சக்கரமும் நல்லா கீதா?"

"நல்லா இருக்கு. மேலே மடக்குற மாதிரி கூரை இருக்கு. மழைக்குத் தாங்கும்."

"சூப்பர் மேடம். மேட்டுல நிறுத்துனா உருளாதுல்ல?"

"பிரேக் இருக்குங்க."

"பிரேக் கூட கீதா! வேற யாருக்கும் குடுத்துடாதீங்க மேடம். ஞாயித்துக்கெயம காலைல வந்துர்றேன்."

பிள்ளைமேல் இவ்வளவு அக்கறையுள்ள அப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு குட்டி யானை வந்து நின்றது. யானை இல்லை, இங்கே சின்ன லோடு வண்டிக்கு அதுதான் பெயர். சலீம் தடிமனான கயிறோடு இறங்கினார். கூடவே அவர் மனைவி நூர்ஜஹான், இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. நான் வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். சலீம் அதைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்த்தார்.

"வண்டி எங்க மேடம்?"

"இதுதாங்க."

அவர் கயிற்றைப் பார்த்தார், குட்டி யானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாங்க பஜ்ஜி, சமோசா போடுறவங்க மேடம். அடுப்பு வெக்கிற தள்ளுவண்டின்னு நெனச்சு வந்துட்டோம். பேஜாரா பூடுச்சே!" முதலில் சிரித்தவர் நூர்ஜஹான். தலையில் போட்டிருந்த முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தேன்.

குழந்தையின் வலது கையில் கட்டு இருந்தது. "கடையில பக்கத்துலயே சாக்கு விரிச்சு உக்கார வெப்பேன்க்கா" என்றார் நூர்ஜஹான். "வூட்ல பாத்துக்க ஆளில்ல. போன வாரம் தவழ்ந்துகினே அடுப்பாண்ட வந்துடுச்சு, எண்ணெ தெறிச்சிடுச்சு. நல்லவேள, கையோட போச்சு." இப்போது அவர் சிரிக்கவில்லை. வண்டியின் பெல்ட்டை எடுத்து மாட்டிப் பார்த்தார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

சலீம், "நாம எதுக்கு வந்தோம், நீ இன்னா பாத்துகினு கீற?" என்றார்.

"அடுப்பு வெக்கத்தான் வாடகை வண்டி கீதே. ரிஹானா எங்க உக்காரும்னு யோசிச்சீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் கவின் ஓடி வந்து வண்டிக்குள் ஏறிவிட்டான். முழங்கால் மோவாயைத் தொட, அடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "இது என்னுது. தர மாட்டேன்."

எனக்கு நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியதை மறைக்கப் போவதில்லை. பிள்ளை அழுகிறான், பிறகு பார்க்கலாம் என்று சொன்னால் போதும். நூர்ஜஹானே வழிவிட்டார். "வேணாம்க்கா. புள்ள ஆசப்படுது, விடுங்க" என்று எழுந்தார். எழும்போது ரிஹானாவின் கட்டுப்போட்ட கை அவர் தோளில் இடித்து, குழந்தை வீலென்று அழுதது. அவர் அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, வலிக்காத மாதிரி எப்படித் தூக்குவது என்று தடுமாறினார்.

நான் கவினைத் தூக்கி வெளியே நிறுத்தினேன். "உனக்குத்தான் கால் இருக்கே கண்ணு. பாப்பா இனிமேத்தான் நடக்கணும்." அவன் கொஞ்சம் முறைத்தான். பிறகு, பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று அவனே ரிஹானாவுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

சும்மா கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று நூர்ஜஹான் பிடிவாதமாக ஒரு தொகையைத் திணித்தார். அவ்வளவு பெரிய குட்டி யானையின் நடுவில் வண்டியை நிறுத்தி, நான்கு பக்கமும் அந்தத் தடித்த கயிற்றால் கட்டினார் சலீம். தெரு திரும்பும்வரை கருநீலக் கூரை ஆடிக்கொண்டே போனது. பால்கனி திடீரென்று பெரிதாகிவிட்டது. அன்றைக்கு அம்மா அழைத்தபோது மழையைப் பற்றிப் பேசினேன், பள்ளிச் சீருடையைப் பற்றிப் பேசினேன், இதைச் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம் கவினோடு தாம்பரம் போயிருந்தேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும், "அக்கா!" என்று ஒரு குரல். நூர்ஜஹான் கரண்டியோடு கையை ஆட்டினார். அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, சுவரோரமாக, பிரேக் போட்டு நின்றது வண்டி. கட்டு அவிழ்ந்த கையில் ஒரு சமோசாத் துண்டோடு ரிஹானா அதில் சாய்ந்திருந்தாள். மின்சார ரயிலுக்கு ஓடுகிறவர்கள் ஓடுகிற ஓட்டத்தில் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் வீடியோ அழைப்பு வந்தது. பேரனைக் காட்டலாம் என்று பின்பக்கக் கேமராவுக்கு மாற்றி, அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். வண்டிதான் முதலில் அவர் கண்ணில் பட்டது.

"அது நம்ம வண்டியில்ல?"

"ஆமாம்மா. கொடுத்துட்டேன்."

அம்மா திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு மெதுவாக, "அதுல இருக்கறது யாரு பிள்ள?" என்றார்.

"நம்ம ஊருப் பிள்ளதாம்மா."

யோசித்துச் சொன்னதில்லை. தானாக வந்துவிட்டது. அம்மாவின் முகம் மலர்ந்தது.

"அப்படியா! கிள்ளான்ல எந்தப் பக்கமாம்?"

ரயில் ஒன்று பெரிய சத்தத்தோடு கிளம்பியது. நான் ஃபோனைத் தாழ்த்தாமல் அப்படியே நின்றேன். திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் அம்மா பதிலுக்குக் காத்திருந்தார். மீதித் திரை முழுவதும் ரிஹானா, சமோசாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.