காந்தக் கூண்டுக்குள் கேட்ட குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்களும் சிரிப்பீர்கள், தாராளமாகச் சிரியுங்கள். நடந்தது நடந்ததுதான்.

அப்போது தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். உளுந்துவடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள எவர்சில்வர் கலம் ஒன்று இருந்தது. அதற்குள் ஹைட்ரஜனில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் அது பிளாஸ்மாவாகி இளஞ்சிவப்பாக ஒளிரும். சூரியனுக்குள் இருக்கிற சமாச்சாரம். சுவரில் படாமல் அதைக் காந்தத்தால் பிடித்து வைக்கவேண்டும், கண் சிமிட்டுவதற்குள் போய்விடும், அதற்குள் அதன் சூட்டையும் அடர்த்தியையும் அளப்பதுதான் என் வேலை. ஊசி மாதிரி ஒரு கம்பியை ஓரத்தில் நீட்டி அளப்போம். கொஞ்சம் கூடுதலாக நீட்டினால் கருகிவிடும்.

அந்தத் தை மாதம் என் மனசு பாதி வலங்கைமான் பக்கம் இருந்தது. அங்கே என் அக்காவும் அத்தானும் குத்தகைக்குச் சாகுபடி செய்த நிலத்தை விட்டுப் போகச்சொல்லி மிராசுதார் மிரட்டிக்கொண்டிருந்தார். உழுகிறவனுக்கே உரிமை என்று மேடைக்கு மேடை பேசுகிற ஆட்சிதான், ஆனால் ஊர் போலீஸ் மிராசுதார் வீட்டுக் காபியைத்தான் குடித்தது. சம்பாக் கதிர் முற்றி நிற்கிறது, அறுக்க விடமாட்டேன் என்கிறார் அவர், அறுத்தே தீருவேன் என்று வயலில் செங்கொடி நட்டுவிட்டாள் அக்கா. அவள் உயிருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரே பயம்.

ஒருநாள் காலை, பிளாஸ்மா நன்றாக ஒளிர்ந்தும் திரையில் கோடு அசையவே இல்லை. அளக்கும் கம்பியின் இணைப்பு விட்டுப்போயிருக்கவேண்டும். காந்தங்களுக்கு மின்சாரம் சேர்த்து வைக்கும் மின்தேக்கிகள் ஒரு கம்பிவலைக் கூண்டுக்குள் இருக்கும், அந்த இணைப்புக் கம்பியும் அதன் வழியாகத்தான் போகும். உள்ளே போனால் முதலில் எர்த் கோலால் அவற்றைத் தொட்டு மிச்ச மின்சாரத்தை இறக்கிவிடுவது எங்கள் வழக்கம், சாமி கும்பிடுகிற மாதிரி தவறாமல் செய்வோம். அன்றும் செய்தேன். இணைப்புக் கம்பி கழன்று மின்தேக்கியின் செப்புப் பட்டைமேல் கிடந்தது. எடுக்கக் கையை நீட்டினேன்.

"கம்பியத் தொடாதே."

என் அக்கா குரல், காதுக்குப் பின்னாலேயே. திரும்பினால் ஒருத்தரும் இல்லை. கூண்டுக்கு வெளியே நின்ற எங்கள் பேராசிரியரிடம் குரலைப் பற்றிச் சொல்லவில்லை, மின்சாரம் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிடலாம் சார் என்று மட்டும் சொன்னேன். மீட்டர் முள் கடைசிவரை போய் நின்றது. எர்த் கோலின் ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது, அடுத்த முறைக்கு ஏற்றிய மின்சாரம் அப்படியே இருந்திருக்கிறது.

அந்த வாரமே பஸ் ஏறி அக்காவைப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும், அன்றைக்கு வந்தவன் வீட்டுக்கு வராமல் ஏன் போனாய் என்று சண்டை பிடித்தாள். நான் ஆய்வுக்கூடத்தில் தப்பித்த அதே காலையில் அவள் அரிவாளோடு வயலுக்குப் போயிருக்கிறாள். வரப்போரம் புதிதாக ஒரு கம்பி கட்டியிருந்ததாம், தூக்கிவிட்டு நுழையக் குனிந்தபோது பின்னாலிருந்து என் குரல் கேட்டதாம். திரும்பிப் பார்த்து நிற்கும்போதே கூட வந்த ஆடு கம்பியில் பட்டுத் துடித்துச் செத்துவிட்டது. மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் இழுத்து விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து ஊரே திரண்டுவிட்டது, மறுநாள் அவள் அறுத்துவிட்டாள்.

"நான் என்னக்கா சொன்னேன்?"

"கம்பியத் தொடாதேன்ன. ஏன்டா, மறந்துட்டியா?"

அன்றைக்குக் காலையில் நான் அப்படி எதுவும் சொல்லவே இல்லை, தஞ்சாவூரை விட்டு நகரவும் இல்லை. அவளிடம் கேட்டேன், அவளும் அன்றைக்கு எனக்கு அப்படி எதுவும் சொல்லவில்லையாம்.

இன்றைக்கும் அக்கா போன் செய்தால், பேசுவது அவள்தானா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் சொல்லுக்கா என்கிறேன்.