தரகர் லோகையா தேடிப் பிடித்த மாப்பிள்ளை

லோகையா பூஜாரி ஒரு கல்யாணத் தரகர் என்பது எங்கள் ஊர் விட்லா கடைவீதியில் எல்லோருக்கும் தெரியும். நாற்பதை நெருங்கியும் அவனுக்கே கல்யாணம் ஆகவில்லை என்பது அதைவிட நன்றாகத் தெரியும். டீக்கடை சேசப்பா வாரம் ஒருமுறையாவது கேட்பான்: "உன் சரக்கு மேல உனக்கே நம்பிக்கை இல்லியா மாராயா?"

சரக்கும் இப்போது போகவில்லை. பையன் வீடும் பெண் வீடும் கைப்பேசியிலேயே பார்த்துப் பேசி முடித்துவிட்டு, பத்திரிகை வைக்கும்போது மட்டும் அவனை நினைத்துக்கொண்டார்கள். மிஞ்சிய ஒன்றிரண்டு கல்யாணங்களில் தாலி ஏறும்வரை அவன் 'லோகண்ணே'. மறுநாள் முதல் 'அந்தத் தரகன்'. மருமகள் தோசையைக் கருக்கினாலும் அதற்கு அவன்தான் பொறுப்பு.

பம்பாயில் உணவகம் வைத்திருக்கும் சித்தப்பா மகன் திவாகரா, கல்லாவில் உட்கார நம்பகமான ஆள் வேண்டும், வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எங்கள் பக்கத்தில் உருப்படாத பையன்கள் எல்லோருக்கும் கடைசியில் பம்பாய் உணவகம்தான் கதி. போய்விட்டால் அம்மா கமலா தனியாகிவிடுவாள். லோகையா அவளுக்கு ஒரே பிள்ளை. அப்பா போய் வெகுகாலம் ஆயிற்று. ஆடி முடிவதற்குள் பதில் சொல்கிறேன் என்று திவாகராவிடம் தவணை வாங்கியிருந்தான்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, தரகனுக்குப் பட்டினி மாதம். அந்த மழையில்தான் பக்கத்து ஊர் கல்லட்காவிலிருந்து குலாபி அக்கா குடையை மடக்கிக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றாள். அவளுடைய மூத்த பெண் வாரிஜாவுக்கு மாப்பிள்ளை வேண்டுமாம். பெண்ணுக்கு என்ன வயது என்று வழக்கம்போலக் கேட்டான். இருந்திருந்தால் முப்பது என்றாள் குலாபி. தொட்டிலிலேயே போன பெண்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. குழந்தையாகச் செத்தவர்களுக்கும் எங்கள் ஊரில் வயது ஏறும். கல்யாண வயது வந்துவிட்டால், செத்துப்போன ஒரு பையனைத் தேடி ஆடியில் கட்டிவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கூடப்பிறந்தவர்களின் கல்யாணத்தைத் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். குலாபியின் மகனுக்குப் பார்த்த பெண்ணெல்லாம் நிச்சயத்துக்கு முன்பே விலகிப் போனது அதனால்தான் என்று குறி சொல்பவர் சொல்லிவிட்டார்.

அன்று முழுக்க லோகையாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பெங்களூரில் வேலை வேண்டும், தனிவீடு வேண்டும் என்று கேட்காத பெண். தோசை கருகிற்று என்று சண்டைக்கு வராத சம்பந்தி. இந்தத் தொழிலுக்குள் கைப்பேசி இன்னும் நுழையவும் இல்லை. இது நன்றாக முடிந்தால் பம்பாய் வேண்டாம், இதையே பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவு கட்டினான்.

ஆனால் செத்த பையனும் லேசில் கிடைப்பதில்லை. ஒரே சாதியாக இருக்க வேண்டும், தாய்வழிக் குலம் வேறாக இருக்க வேண்டும், பெண்ணைவிட மூத்தவனாக இருக்க வேண்டும். தேடியவரை செத்த பையன்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே கட்டிவைத்தாகிவிட்டது. அமாவாசை நெருங்கிவிட்டது. குலாபி மூன்றாம் தடவையாக வந்து உட்கார்ந்தபோது, உயிருள்ளவர்களுக்காக இத்தனை வருஷம் பொய் சொல்லிப் பழகிய நாக்கு தானாகப் புரண்டது.

"எங்க வீட்டுலயே ஒரு பையன் இருக்கான்க்கா. எங்கண்ணன் மோனப்பா. அஞ்சு வயசுல மஞ்சக்காமாலைல போயிட்டான். குடி, சிகரெட் எதுவும் கிடையாது."

கடைசி வாக்கியத்தை அவன் பொய்யில்லாமல் சொன்னது தொழிலுக்கு வந்ததிலிருந்து அதுவே முதல் முறை.

அம்மாவிடம் சொல்லும்போது திட்டு விழும் என்று எதிர்பார்த்தான். அவள் பத்ரொடே அவிக்கச் சேம்பிலையில் மாவைத் தடவிச் சுருட்டிக்கொண்டே, ஆகட்டும் என்றாள். பெண் வீட்டார் பார்க்க வந்த அன்று, கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். பிள்ளைக்கு இடி என்றால் பயமாம். வெல்லம் போட்ட அவல் என்றால் உயிராம். முட்டியில் தழும்பு இருக்குமாம். குலாபி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நம்மைவிடப் பெரிய தரகர் நம் வீட்டிலேயே இருந்திருக்கிறாரே என்று லோகையா உள்ளுக்குள் சிரித்தான்.

மறுநாள் சேசப்பா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "உங்கண்ணனுக்குக் கல்யாணமாமே. சின்னதுல என் பம்பரத்த எடுத்துட்டுப் போனவன், திருப்பியே தரல. ஞாபகப்படுத்து."

லோகையா சிரித்தான். சேசப்பா சிரிக்கவில்லை.

அமாவாசை மாலையில் நாற்காலி இரண்டு போட்டு, ஒன்றில் வேட்டியும் மற்றதில் சேலையும் வைத்து, மாலை மாற்றினார்கள். கோழிக் குழம்பும் ரொட்டியும் பரிமாறினார்கள். சேலையை எடுத்துக் கொடுத்துப் பெண்ணை அனுப்பும்போது குலாபி நிஜமாகவே விம்மினாள். வேட்டி வைத்த நாற்காலி மட்டும், தூக்கி வைக்கப் போனபோது, சற்றுமுன் யாரோ எழுந்துபோனது போலச் சூடாக இருந்தது.

ஆவணி பிறந்ததும் குலாபி மகனுக்குப் பெண் அமைந்தது. பேச்சு பரவி, ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தரகர் என்றல்ல, 'மோனப்பாவோட தம்பி' என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். வீட்டில் அம்மா மத்தியானத்துக்கு மூன்று இலை போட்டாள்: மூத்தவனுக்கு, மருமகளுக்கு, லோகுவுக்கு. விசேஷ நாளில் செத்தவர்களுக்கு இலை போடுவது வழக்கம்தான். இவள் தினமும் போட்டாள். வெல்லம் போட்ட அவலைத் தனியாக வைத்தாள். சாப்பிட்டு எழுந்து பார்த்தால் அவல் குறைந்தே இருந்தது. எறும்பு என்று சொல்லிக்கொண்டான்.

புதுத் தொழில் நன்றாகத்தான் ஓடியது, ஆனால் இல்லாத அண்ணனுக்குத் தம்பியாக அந்த வீட்டில் இருக்க அவனுக்குப் பயமாக இருந்தது. பம்பாய்க்கே போய்விடலாம் என்று தோன்றியது. கல்லாவில் உட்கார்ந்தால் உயிருள்ளவர்கள்தான் எதிரில் நிற்பார்கள். தவணை தாண்டியிருந்தாலும் திவாகராவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுச் சாப்பிட வந்தான்.

இரண்டு இலைதான் போட்டிருந்தது. இரண்டிலும் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது.

"எனக்கு?" என்றான்.

அம்மா நெற்றியைத் தடவிக்கொண்டாள். "அட, மறந்தே போயிட்டேன் பாரு."

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அண்ணன் என்று யாருமே கிடையாது, குலாபிக்காக வாய்க்கு வந்த பெயரைச் சொன்னேன், நீ என்னை மட்டும்தானே பெற்றாய், உனக்குத் தெரியாதா என்று கேட்டான்.

அம்மா கோபப்படவில்லை. முதல் இலைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவனும் இதேதான் சொல்றான் லோகு. 'எனக்கு ஏதும்மா தம்பி'ன்னு கேக்கறான். நான் யார் பேச்சத்தான் நம்பறது?"

வெளியே இடி இடித்தது. முதல் இலையின் ஓரம் மெல்ல நடுங்கியது.

லோகையா பம்பாய் போகவில்லை. தொழிலை மாற்றிக்கொண்டவன் என்று ஊரில் சொல்கிறார்கள். இன்றைக்கும் செத்தவர்களின் எந்தக் கல்யாணப் பேச்சில் இருந்தாலும், சம்பந்தியைப் பாதியில் உட்கார வைத்துவிட்டு, மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடுவான். கொல்லையில் தானே ஒரு இலையை அறுத்துக்கொண்டு வந்து, அம்மா கரண்டியைக் கையில் எடுப்பதற்குமுன் போய் உட்கார்ந்துவிடுவான்.