மாதேஸ் அண்ணன் அழித்த ஃபோல்டர்

மாதேஸ் அண்ணன் போய்விட்டார். காலையில் வாட்ஸ்அப்பில் பார்த்தேன். நெஞ்சுவலி... சேலம் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

நேற்றே அடக்கமும் ஆகிவிட்டது. வண்டியில் பத்து நிமிஷ தூரத்தில் இருக்கும் எனக்கு இன்றைக்குச் சொல்கிறார்கள். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

ஆட்டையாம்பட்டியில் நெட் சென்டர் வைத்திருந்தவர். ஜெராக்ஸ், ரேஷன் கார்டு திருத்தம், லாரி பர்மிட், பரீட்சை ரிசல்ட்... எல்லாம் அந்த ஒரே ரூமில்தான். நல்ல மனுஷன் என்று எல்லோரும் எழுதுவீர்கள். எழுதுங்கள். என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும்.

குழந்தை பிறந்தபின் மூன்று வருஷம் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். போன இன்டர்வியூவில் எல்லாம் ஒரே கேள்வி, ஏன் இவ்வளவு கேப் என்று. கடைசியில் ஒரே ஒருவர் மட்டும், "ஏதாவது பெரிய ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டில் ஒரு திருத்தம் அனுப்புங்க. அவங்க ஏத்துக்கிட்டா பேசலாம்" என்றார். ஒரு மாதம் டைம்.

திருத்த வேண்டிய பிழை கையிலேயே இருந்தது. நம்மில் பலரும் இலவசமாகப் பயன்படுத்தும் ஆஃபீஸ் சாஃப்ட்வேர்தான்; அதன் கோடை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தி அனுப்பலாம். தமிழில் அடித்த கடிதத்தை பிடிஎஃப் ஆக்கினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகும். பழைய வெர்ஷனில் ஒழுங்காக இருந்தது.

எந்த மாற்றத்தில் கெட்டது என்று பின்னோக்கித் தேட வேண்டும். அதற்கு சோர்ஸ் கோடை, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற இத்தனை வருஷ வரலாற்றோடு முழுசாக இறக்க வேண்டும். பல ஜிபி. என் மொபைல் டேட்டா எந்த மூலைக்கு...

ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் மூலையில் ஒரு சிஸ்டம் கொடுத்தார்.

தொண்ணூற்றொரு சதவீதம் வந்திருக்கும். ஒரு லாரிக்காரர் ஓடி வந்தார். ஓசூர் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டார்களாம், உடனே பர்மிட் எடுக்க வேண்டுமாம். நெட் இழுக்கவில்லை. அண்ணன் எழுந்து வந்து என் சிஸ்டத்தின் நெட் ஒயரைப் பிடுங்கினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏனுங்ணா, இன்னும் கொஞ்சந்தான இருந்துச்சு?"

"இரு சாமி, அவரு வண்டி நிக்குதுல்ல. மறுக்கா சொருகுனா உட்ட எடத்துல இருந்து வரும்."

"வராதுங்ணா. மொதல்ல இருந்துதான் வரும்."

"அதென்ன அப்படியொரு டவுன்லோடு? சினிமாப் படமெல்லாம் உட்ட எடத்துல இருந்துதான வருது?"

உலகத்து மூளைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து பயன்படுத்தும் விஷயம், பாதியில் நின்றால் தொடராது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

அடுத்த முறை பாதி இறங்கும்போதே குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன். "நீ ஊட்டுக்குப் போ சாமி, நான் பாத்துக்கறேன்" என்றார். மறுநாள் சிரித்த முகத்தோடு டிஸ்க்கைக் கொடுத்தார். முழுசாக இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து திறந்தால் கோட் இருக்கிறது, வரலாற்றைக் காணோம். வரலாறு மொத்தமும் இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டரில். போன் போட்டேன்.

"ஆமா சாமி, ஒண்ணு ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சைஸ் வேற பெருசு. வைரஸ்ஸுன்னு தூக்கிட்டேன். நல்லவேளை நான் பாத்தேன்."

அதுதான் அவர் வழக்கம். கடைக்குள் எந்தப் பென்டிரைவ் வந்தாலும் ஸ்கேன் போட்டு, மறைந்திருக்கும் ஃபோல்டரை எல்லாம் அழித்து, சுத்தமாகத்தான் திருப்பிக் கொடுப்பார். வைரஸ் வராத கடை என்று அவருக்கு அதில் ஒரு பெருமை. எங்கெங்கோ இருந்து எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் செய்த வேலையை வழித்துத் துடைத்துவிட்டு, நல்லவேளை என்கிறார்!

கத்தினேன். அழுதேன். "உங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுங்ணா, தெரியாததுல எதுக்குங்க கை வெக்கறீங்க?" என்றேன். "நாளைக்கு வா சாமி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

போனேன். பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ளே என் சிஸ்டம் தவிர எல்லாம் ஆஃப். அவர் வெளியே வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். வந்தவர்களிடம் எல்லாம் "நெட் இல்லீங்க" என்று ஒரே பொய்.

"ஏனுங்க, உள்ள லைட்டு எரியுதே?"

"லைட்டு எரியுதுங்க. நெட்டுதான் இல்லீங்க."

சாயங்காலம் வரை உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் பயந்துபோயிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. டவுன்லோடு முடிந்தது. நான் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்துவிட்டேன். ஒரு நன்றி சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து வழியில் நிறுத்திக் கேட்டார். "என்னாச்சு சாமி, சேத்துக்கிட்டாங்களா?"

"பாத்துட்டு இருக்காங்ணா" என்றேன். வண்டியை ஆஃப் செய்யக்கூட இல்லை.

அடுத்த வாரமே ஏற்றுக்கொண்டார்கள். வேலை கிடைத்தது. இதே முகநூலில் பெரிய பதிவாகப் போட்டேன், நீங்கள் எல்லாம் வாழ்த்தினீர்கள். மாதேஸ் அண்ணனுக்கு முகநூல் கிடையாது. நேரில் சொல்ல வேண்டும், இந்த வாரம், அடுத்த வாரம் என்றே இரண்டு வருஷம். வீட்டுக்கே நெட் வந்துவிட்டதால் அந்தப் பக்கம் போக வேலையும் இல்லை. வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

அண்ணா... சேத்துக்கிட்டாங்க. நீங்க வெயில்ல உக்காந்திருந்தப்ப எறங்குன அந்தக் கோடுலதான் செஞ்சேன்.

போயிட்டு வாங்க.