ஸ்டெல்லா உடைத்துப் பார்த்தாள்

என் பேத்தியோடு வேலை பார்த்த ஸ்டெல்லா போய்விட்டாள் என்ற செய்தி பேத்தியின் போனில் வந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. நாங்கள் ராயபுரம் போய்ச் சேர்வதற்குள் அவள் தெருமுனையில் பேனர் கட்டியாகிவிட்டது. அவளுடைய சிரித்த முகம், சுற்றிலும் பூ, கீழே கொட்டை எழுத்தில் ‘எங்கள் பயிற்சி மையம் செதுக்கிய சிற்பம்’. அதற்கும் கீழே, அட்மிஷன் நடைபெறுகிறது என்று ஒரு போன் நம்பர். பெட்டிக்கு ஆணி அடிக்கும் முன்னே அந்த சென்டர்க்காரன் கடை விரித்துவிட்டான். நான் ஐந்தாவது வரை படித்தவள். பேனரை வாசிக்க அது போதும். கட்டியவனின் மூஞ்சியை வாசிக்கவும் போதும்.

போனுக்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கும் சிப்பை வடிவமைக்கச் சொல்லித் தருவதாகச் சொல்லும் அவன் சென்டரில் ஸ்டெல்லா கொஞ்ச நாள் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவள். “அங்க சிப்பு டிசைன் சொல்லித் தரல ஆயா. சிப்பு டிசைன் தெரியும்னு எப்டி சொல்லிக்கிறதுன்னு சொல்லித் தராங்க” என்பாள். என் பேத்தி தேன்மொழி அங்கேயே கடைசி வரை படித்தாள். ரோட்டு சிக்னல் மாறுவது போல ஒரு புராஜெக்ட். வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் அதே சிக்னல், அதே சர்ட்டிபிகேட். ஒருத்தர் எழுதியதை மற்றவர்கள் பேர் மாற்றிக் கொடுத்தார்கள். வாத்தியார் என்று நின்றவன் அதையும் பார்க்கவில்லை.

பிறகு இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் சேர்ந்தார்கள். தேன்மொழி சிப்பின் ஒரு சின்னப் பகுதி எப்படி வேலை செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். எழுதியது எங்கே தப்பாகும் என்று உடைத்துப் பார்ப்பது ஸ்டெல்லாவின் வேலை. உடைவது சிப் செய்த பிறகு தெரிந்தால் அழித்து எழுத முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். அதனால் முன்னாடியே உடைக்க ஓர் ஆள். ஸ்டெல்லாவைப் பார்த்தாலே ஆபீசில் பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல். அந்தப் பாதிதான் அடக்கத்தன்று முன்வரிசையில் நின்று, தங்கமான மனசு என்று மூக்கைச் சிந்தியது. தங்கமும் இல்லை, தகரமும் இல்லை. அவள் வாய் எண்ணூர்க் காற்று மாதிரி, பட்டால் எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். தேன்மொழி எழுதியது கம்ப்யூட்டர் சோதனையில் அழகாக ஓடியது. ஸ்டெல்லா அதில் ஒரே ஒரு வரியை அழித்தாள். திரை முழுக்கத் தப்பு என்று சிவப்புக் கோடு.

“இன்னாடி இது? ஆரம்பத்துல பூஜ்யம்னு நீ எழுதிட்டா சிப்பு கேக்குமா?”

“சென்டர்ல அப்டித்தான் போடச் சொன்னாங்க.”

“சோதனை கம்ப்யூட்டர் நீ சொன்னதக் கேக்கும், பாவம். சிப்பு கேக்காது. கரண்டு வந்ததும் அது பூஜ்யமா முழிக்குமா, ஒண்ணா முழிக்குமான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அத்த ஆரம்பத்துக்குக் கொண்டாறதுக்கு ரீசெட்டுன்னு ஒரு ஒயரு வெக்கணும். வெச்சியா?”

வைக்கவில்லை. அது சென்டர் பிள்ளைகள் மட்டுமே செய்யும் தப்பு என்றாள். அவர்கள் எழுதியது எதுவும் சிப்பாக ஆகப்போவதில்லையே, யார் கவலைப்பட்டது? தேன்மொழிக்கோ வருகிற வெள்ளிக்கிழமை ஆபீஸ் பெரியவர்கள் முன்னால் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. அவள் அழுதாள். நான் ஸ்டெல்லாவிடம் திரும்பினேன்.

“உனக்குத்தான் தெரியுதே, நீயே எழுதிக் குடேன்டி. உன் கை தேஞ்சா பூடும்?”

“நான் எழுதினா அது என்னுது ஆயா. அப்பால ஒவ்வொரு தபாவும் உன் பேத்தி என் வூட்டு வாசல்ல நிப்பா. கம்ப்யூட்டர மூடச் சொல்லு. பேப்பரு எடு.”

சிப்பின் ஒவ்வொரு துடிப்புக்கும் எந்தக் கம்பியில் பூஜ்யம், எதில் ஒன்று என்று பென்சிலில் வரையச் சொன்னாள். வரைய முடியாததை எழுதக்கூடாது என்றாள். தேன்மொழி வரைந்தாள், ஸ்டெல்லா நெத்திலிக் குழம்பும் சோறும் தின்றுகொண்டே, “தப்பு” என்றாள். எங்கே தப்பு என்று சொல்லவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று அவள் காதுபடவே திட்டினேன். “குழம்புல உப்பு கம்மி” என்றாள்.

தேன்மொழி பழையதைத் தூக்கி எறிந்து முதலிலிருந்து எழுதினாள். ஸ்டெல்லா உடைத்தாள். மறுபடி எழுதினாள். மறுபடி உடைத்தாள். பரிசோதனை அன்று பெரியவர்கள் ஸ்டெல்லாவைத்தான் கேட்டார்களாம். “ஒடைச்சிப் பாத்தேன். ஒடையல” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாளாம். அதோடு தேன்மொழியின் வேலை நிரந்தரமானது. அவள் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு பாராட்டை யாராவது கேட்டிருந்தால் எழுந்து வந்து சொல்லட்டும்.

போன வாரம் சென்டர்க்காரன் எங்கள் வீட்டுக்கு வந்தான். புது பேனருக்குத் தேன்மொழியின் போட்டோ வேண்டுமாம்.

“ரெண்டு பேருமே எங்க சென்டர் புள்ளைங்கதானே பாட்டிம்மா?”

“ஒருத்தி ஒன் சென்டர உட்டு ஓடி வந்தவ. ஒருத்தி ஒன் சென்டர்ல படிச்சத மறந்ததால பொழைச்சவ. இதுல எத்தப்பா பேனர்ல போடுவ?”

சிரித்து மழுப்பினான். கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த, அவன் சென்டர் தேன்மொழிக்குக் கொடுத்த சர்ட்டிபிகேட்டை ஆணியோடு பிடுங்கி, அவன் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

பேத்தி என்ன செய்கிறாள் என்று தெருவில் கேட்டால், முன்பெல்லாம் படிப்பு, கம்பெனி, பதவி என்று நீட்டி முழக்குவேன். இப்போது ஸ்டெல்லா விட்டுப்போன இரண்டு வார்த்தைகள்தான் என்னிடம் இருக்கின்றன. ஸ்டெல்லா உடைத்துப் பார்த்தாள், உடையவில்லை என்கிறேன். புரியாதவர்களுக்கு சென்டர்க்காரனின் பேனர்தான் லாயக்கு, போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.